யோசிச்சதுக்குக் கூலி எவ்வளவு?

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் படப்பையைத் தாண்டியதும் உங்களுக்கு லேசாக ஒரு கர்வம் வரும். வரவேண்டும் என்றுதான் சாலையை அவ்வளவு அகலமாகப் போட்டிருக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே சான்ட்ரோவை வெளியே விட்டது. ஒரகடத்துக்கு 2010-ல் ரெனோ - நிஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரி, 2013-ல் புல்லட். மேடைக்கு மேடை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று மார் தட்டுகிறோம். (அசல் டெட்ராய்ட் நகராட்சி 2013-ல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. அதை மட்டும் எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை.)

இப்பேர்ப்பட்ட வட்டாரத்தில் எனக்கு ஒரு மேசை தேவைப்பட்டது. ஒன்றே ஒன்று. செய்துதர ஆள் தேடி மூன்று வாரம் அலைந்தேன்.

மேசை எனக்கில்லை, என் நண்பருக்கு. ரிட்டையர் ஆன மனுஷர். பென்ஷன் பணத்தில் பேரனுக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போடாமல், வெளிநாட்டுத் தம்பதி ஒன்று விற்றுவிட்டுப் போன 28 அடி பாய்மரப் படகை வாங்கிவிட்டார். கொச்சியில் போல்காட்டி படகுத் துறையில் கட்டிப்போட்டிருக்கிறார். அவர் வீட்டில் இது குறித்து நடந்த உரையாடல்களை இங்கே எழுதமுடியாது.

படகின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். சுக்கான் பிடிப்பவர் அங்கேதான் உட்காருவார். அதற்குப் பெயர் காக்பிட். விமானத்தில் இருப்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் பெஞ்சு, நடுவில் கால் வைக்க இரண்டடி அகலக் குழி, மேலே வானம், அவ்வளவுதான். சாப்பாடு, சமுத்திரப் படம் விரித்துப் பார்ப்பது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் அந்தக் குழிக்குள்தான். அதில் வைக்க ஒரு மேசை வேண்டும் என்றார்.

‘‘நாலு கால் வைத்து ஒரு பலகை. இதற்கென்ன?’’ என்றுதான் நானும் கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. படகு சாயும். பாய் காற்றை வாங்கினால் பதினைந்து, இருபது டிகிரி சர்வசாதாரணம். அப்போது சாம்பார் மடிக்கு வரக் கூடாது என்றால் மேசைக்கு விளிம்பு வேண்டும். காற்று திடீரென்று மாறினால் ஒரு ஆள், ஒரு கையால், சில நொடிகளில் மடக்கவேண்டும். சுக்கான் கட்டை இடவலமாகத் திரும்பும்போது இடிக்கக் கூடாது. கயிறு மாட்டிக்கொள்கிற மாதிரி முனை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படகு குலுங்கும்போது மனுஷன் முதலில் பிடிப்பது கைக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான். அதாவது மேசையை. அது கையோடு வந்துவிட்டால் ஆளும் மேசையும் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகவேண்டியதுதான்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 78,000 ரூபாய் ஆகும் என்று ஒரு மதிப்பீடு வந்தது. நண்பர் வீட்டில் மேற்படி உரையாடல்கள் மறுபடி ஆரம்பமாயின.

சரி, உள்ளூரிலேயே செய்வோம் என்று சென்னையில் ஒரு டிசைன் அலுவலகத்துக்குப் போனோம். குளுகுளு அறை, கண்ணாடிக் கதவு. படகின் அளவுகளை ஈமெயிலில் வாங்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிக் காட்டக்கூடிய ஒரு படம் போட்டுத் தந்தார்கள். படத்தில் மேசை பளபளவென்று இருந்தது. ஒல்லியான ஒற்றைக் குழாய்க் கால். மேலே இரண்டு ஒயின் கிளாஸ் வேறு வரைந்திருந்தார்கள். கட்டணம் 15,000. பதினெட்டு சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 17,700. நண்பர் போனை எடுத்தார், ஸ்கேன் செய்தார், அனுப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் காட்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தை எடுத்துக்கொண்டு ஒரகடம் பக்கம் வந்தோம். நான்கு கீல் வேண்டும், உப்புக்காற்றுக்குத் தாங்குகிற 316 ரக ஸ்டீலில். ஒரு பட்டறையில் சிரித்தார்கள். ‘‘குறைஞ்சது ஐந்நூறு பீஸ் ஆர்டர் சார்.’’ இன்னொன்றில் வாசலிலேயே செக்யூரிட்டி, ‘‘வெண்டர் கோடு இருக்கா?’’ என்றார். லட்சக்கணக்கில் போல்ட்டும் நட்டும் பிறந்து லாரி ஏறும் ஊரில், சில்லறைக்கு நான்கு கீல் கிடையாது. கடைசியில் பாரிமுனைக்குத்தான் போனேன். கடைக்காரர் கீலின் மேல் காந்தத்தை வைத்து, ‘‘பாருங்க சார், ஒட்டலை. ஒரிஜினல் 316’’ என்றார். 304-லும் காந்தம் ஒட்டாது என்பது அவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் மாலிப்டினம் என்ற உலோகம். 316-ல் இரண்டு, மூன்று சதவீதம் இருக்கும். அது இல்லாவிட்டால் கடற்கரையில் சில மாதத்திலேயே ஸ்டீலின் மேல் டீத்தூள் தண்ணீர் கொட்டியது மாதிரி துருக்கறை வந்துவிடும்.

மரத்திலும் இதே கதை. உங்கள் வீட்டு சிங்க்குக்குக் கீழே ‘மரைன் ப்ளை’ போட்டிருப்பதாக இன்டீரியர்காரர் சொல்லியிருப்பாரே? ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அசல் மரைன் ப்ளைவுட்டை 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்தாலும் அடுக்கு பிரியக் கூடாது. கடலையே பார்க்காத ப்ளைவுட்டுக்கெல்லாம் கடல் பெயர் வைத்து விற்கிறார்கள். அது தனிக் கட்டுரை, இன்னொரு நாள்.

சேரப்பணஞ்சேரியில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று டீக்கடையில்தான் சொன்னார்கள். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். கடல், சாலை வழியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அறுபத்தேழு வயது. ஒரு காலத்தில் வீட்டு நிலை, கதவு, தேர்ச் சக்கரம் ரிப்பேர் என்று வேலை செய்தவர். இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? கம்பெனிகளுக்குப் பெட்டி பெட்டியாக உதிரிபாகம் வருகிறதல்லவா, அந்தப் பெட்டிகளின் பைன் மரத்தைப் பிரித்து, ஆணி பிடுங்கி, மறுபடி பேலட் அடித்துக் கொடுக்கிறார். பலகைக்குப் பலகை ‘ஹெச்.டி.’ என்று முத்திரை. பூச்சி சாக, உள்மரம்வரை 56 டிகிரியில் அரைமணி நேரம் சூடு காட்டிய மரம் என்று அர்த்தம். இழைப்புளியைத் தொட்டே பல மாதம் ஆகிவிட்டது என்றார்.

டிசைன் படத்தை அவரிடம் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

‘‘படகு எந்தப் பக்கம் சாயும்?’’

‘‘ரெண்டு பக்கமும்.’’

‘‘சாயறப்ப நீங்க எதைப் புடிப்பீங்க?’’

நண்பர் யோசித்தார். ‘‘மேசையைத்தான்.’’

‘‘மேல தண்ணி விழுந்தா எப்படிப் போவும்?’’

பதில் இல்லை. படத்தை மடித்து நண்பர் கையில் கொடுத்துவிட்டார். ‘‘இதுல ஒயின் கிளாஸ்தான் சார் நல்லா இருக்கு.’’

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார். போனோம். கொட்டகைத் தரையில் சாக்பீஸால் அந்தக் காக்பிட்டை முழு அளவில் வரைந்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் பெஞ்சு. நடுவில் ஏ.சி. வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு பொம்மை மேசை. சுக்கானுக்குப் பதில் ஒரு துடைப்பக்கட்டை. ‘‘உக்காருங்க’’ என்றார். உட்கார்ந்தோம். நண்பர் துடைப்பத்தைப் பிடித்து இடமும் வலமும் திருப்பினார். முட்டியில் இடித்தது. பெரியவர் அட்டையில் இரண்டு விரல் அகலம் வெட்டினார். மறுபடி திருப்பினார். இடிக்கவில்லை.

பிறகுதான் வேடிக்கை. மகனைக் கூப்பிட்டு, பெஞ்சுகளின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கச் சொன்னார். நாங்கள் உட்கார்ந்தபடியே சாய்ந்தோம். அட்டையையும் அதே சாய்வுக்குப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். டம்ளர் ஊர்ந்து வந்து என் வேட்டியில் கவிழ்ந்தது. விளிம்பு எவ்வளவு உயரம் வேண்டும் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். பாய்மரப் படகைப் போட்டோவில்கூட அதற்கு முன் பார்த்திராத மனிதர், சேரப்பணஞ்சேரியில் நாலு செங்கல்லை வைத்துக் கடலைக் கொண்டுவந்துவிட்டார்!

என்ன செய்தார் என்று சொல்கிறேன். நடுவில் அரையடி அகலத்தில் கெட்டியான ஒரு முதுகுப்பலகை. அதன் இரண்டு பக்கமும் கீலில் தொங்கும் இரண்டு இறக்கைகள். காபிக்கு ஒரு இறக்கை போதும், சாப்பாட்டுக்கு இரண்டும். இறக்கையைத் தாங்கும் முட்டுக்கு யோசனை எங்கிருந்து வந்தது? பெட்டிக்கடைக்காரர் உள்ளே போக ஒரு பலகையைத் தூக்கிவிடுவாரே, அதிலிருந்து. முட்டை உள்ளே தள்ளினால் இறக்கை தானாகத் தொங்கிவிடும். விளிம்புக்கு நாலு மூலையிலும் ஒரு விரல் இடைவெளி. தண்ணீரும் வெங்காயச் சருகும் அந்த வழியாகப் போய்விடும். மரம், இடித்த பழைய வீட்டின் தேக்கு நிலை. வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுத்தார். கால் தரையில் உட்காரும் இடத்தில் வெறும் ஸ்க்ரூ கூடாது, போல்ட்டை அடிவரை இறக்கி அந்தப் பக்கம் பட்டை கொடுத்து நட்டு போடவேண்டும் என்றார். முதுகுப்பலகையின் தலையில் கை நுழைகிற அளவுக்கு நீளமாக ஒரு துளை.

‘‘இது எதுக்கு?’’

‘‘இது மேசை இல்ல சார். புடிமானம். புடிமானத்து மேல ஒரு தட்டு வைக்கிறோம், அவ்ளோதான்.’’

அந்த டிசைன் அலுவலகத்தில் பட்டம் வாங்கிய யாருக்கும் தோன்றாத வாக்கியம் இது. மேசையின் சூட்சுமமே இந்த ஒரு வரிதான்.

ஒன்பது நாள் வேலை என்றார். நாள் கூலி 1,200. மொத்தம் 10,800. மரம் தனி.

‘‘ஆயிரத்து இருநூறா? ஆயிரமா வாங்கிக்கங்க பெரியவரே’’ என்றார் நண்பர்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சொல்லப்போனால் நான் இருந்திருந்தால் தொள்ளாயிரத்திலிருந்து ஆரம்பித்திருப்பேன்.

நீங்கள் மட்டும் என்னவாம்? போன தீபாவளிக்கு முன்னால் கதவு இறக்கம் பார்க்க வந்தவரிடம் இருநூறு ரூபாய்க்கு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினீர்கள்? அதே வாரம் மாலில் போய் ‘எம்.ஆர்.பி.’ என்று அச்சடித்த எதையாவது பேரம் பேசினீர்களா? டாக்டரிடம், ‘‘நாடிதானே பிடிச்சீங்க, நூறு குறைங்க’’ என்று சொல்வீர்களா? ஏ.சி. அறையில் உட்கார்ந்து தப்பாக யோசித்தவருக்கு 17,700, அதுவும் ‘கட்டணம்’. கொட்டகையில் நின்று சரியாக யோசித்தவருக்குக் கிடைப்பது ‘கூலி’. அவர் யோசித்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கணக்கே இல்லை. செங்கல் வைத்த நாளை அவரே பில்லில் சேர்க்கவில்லை. உளியைப் பிடித்தால்தான் வேலை என்று நாம் அவரையே நம்பவைத்துவிட்டோம்.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. 1968-ல் இங்கிலாந்தில் ஒரு பந்தயம். தனி ஆளாக, எங்கும் நிறுத்தாமல் உலகத்தைச் சுற்றவேண்டும். ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தது ஒருவர்தான், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள். 1969 ஏப்ரல் 22-ம் தேதி கரை சேர்ந்தார். அவருடைய ‘சுஹைலி’ படகு எங்கே கட்டியது? பம்பாயில். கொலாபாவில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கு மரத்தைச் செதுக்கிக் கட்டியது. அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது, நியாயம்தான். செதுக்கியவர்களில் ஒருவர் பெயராவது நீங்கள் கேட்டதுண்டா? நம் தமிழ்க் கதையே ஒன்று இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கிப் பெயர் மாற்ற, அதை வல்வெட்டித்துறை ஆட்களே ஓட்டிக்கொண்டு 1938-ல் அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எத்தனை பாடப்புத்தகத்தில் படித்தீர்கள்? 2024 அக்டோபரில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய நம் கடற்படையின் ரூபா அழகிரிசாமி, புதுச்சேரிப் பெண். கேரளத்தின் தில்னாவோடு இரண்டே பேராக ‘தாரிணி’யில் உலகத்தைச் சுற்றிவந்தார். கைதட்டினோம். அந்தப் படகும் கோவாவில் ஒரு சின்னத் தளத்தில் கட்டியதுதான். அதைக் கட்டியவர்களுக்குத் தட்ட நம்மிடம் கை மிச்சமில்லை.

உடனே சிலர் கிளம்புவார்கள். ‘ஆஹா, அந்தக் காலத்து ஆசாரி மாதிரி வருமா? இந்தக் காலத்துப் பசங்க அப்பன் தொழிலை விட்டுட்டுக் கம்பெனிக்கு ஓடறாங்க...’ இந்தப் புலம்பலைத்தான் என்னால் சகிக்க முடியாது. பெரியவரின் மகன் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. போனது நூறு சதவீதம் சரி. அங்கே பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, வாசலில் நின்று ‘ஆயிரமா வாங்கிக்க’ என்று எவனும் சொல்லமாட்டான். தச்சன் மகன் தச்சனாகவே இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர், தன் மகனை முதலில் இழைப்புளி பிடிக்க அனுப்பட்டும்.

மத்திய அரசு 2023-ல் விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில். தச்சும் உண்டு, படகு கட்டுவதும் உண்டு. பதினெட்டு வயதிலேயே சேரலாம் என்றால் பையன்கள் படிப்பை விட்டு அப்பன் தொழிலுக்குத் திரும்பமாட்டார்களா என்று தமிழ்நாடு கேட்டது. நியாயமான கேள்வி. பதிலுக்கு, முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு, சாதி, பரம்பரை பார்க்காமல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று 2025 ஏப்ரலில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்த இடம் குன்றத்தூர். சேரப்பணஞ்சேரிக்கு அக்கம்பக்கம்தான். இரண்டிலும் கடன் உண்டு, பயிற்சி உண்டு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடன் வாங்கி உளி வாங்கியவரிடம் நீங்களும் நானும் போய் ‘ஆயிரமா வாங்கிக்கங்க’ என்றால், தவணை எந்தக் காசில் கட்டுவார்?

சரி, கம்பெனிக்குப் போன பையன் அங்கே என்ன கற்றுக்கொள்கிறான்? பெரியவர் மகனைக் கேட்டேன். அவனுக்கு ஒரு வண்டிக்கு ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. நான்கு போல்ட். அடுத்த வண்டி. நான்கு போல்ட். நாலு வருஷமாக. அப்பா செய்த மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: ‘‘எங்க லைன்ல இதைப் பதினாலு ஸ்டேஷனாப் பிரிச்சிடுவாங்க சார். முழு மேசை எப்படி நிக்குதுன்னு பதினாலு பேர்ல யாருக்கும் தெரியாது.’’

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு நோக்கியா ஞாபகம் வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்தார்கள். எவ்வளவு கோலாகலம்! 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான பெண்களும் பையன்களும் செட்டில்மென்ட் பணத்தோடு வெளியே வந்தார்கள். எட்டு வருஷம் கைபேசி செய்தவர்களில் ஒரு கைபேசியை முழுசாகச் செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர்? அவர்கள் தப்பில்லை. தெரிந்துகொள்ள யாரும் விடவில்லை. ஒரு பக்கம், முழுப் பொருளும் செய்யத் தெரிந்தவருக்கு மரியாதை இல்லை. இன்னொரு பக்கம், ஓரளவு மரியாதையான சம்பளம் கிடைக்கிற இடத்தில் முழுப் பொருளைக் கண்ணில் காட்டுவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறையை நிறுத்திவைத்துவிட்டு ‘திறன் மேம்பாடு’ என்று சர்டிஃபிகேட் அச்சடிக்கிறோம்.

கம்பெனி முதலாளிகளை நானோ நீங்களோ நாளைக் காலையில் திருத்திவிட முடியாது. ஆனால் அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வருகிற தச்சர் டேப்பை எடுத்து அளந்துவிட்டு, வேலையை ஆரம்பிக்காமல் தாடையைச் சொறிந்துகொண்டு அரைமணி நேரம் நிற்பார் பாருங்கள், அந்த அரைமணிக்கும் சேர்த்துக் கொடுங்கள். ‘சும்மாதானே நின்னார்’ என்று கணக்குப் போடாதீர்கள்.

நண்பரை நான் சும்மா விடவில்லை. திரும்பி வரும் வழியில் காரிலேயே சண்டை. டிசைன் பில்லையும் கூலிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தாம்பரம் வரும்வரை பேசவில்லை. மேசை முடிந்த அன்று 10,800-ஐக் குறைக்காமல் கொடுத்து, ‘‘யோசிச்சதுக்கு’’ என்று மேலே 5,000 வைத்தார். பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் புரியாமல் பார்த்தார். ‘‘மரத்துக்குத்தான் குடுத்துட்டீங்களே சார்?’’

அவர் பெயரை இங்கே போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். ‘‘பேரு போட்டா நாலு பேர் வந்து நின்னு ரேட்டு கேப்பாங்க.’’

மேசை மடங்கி ரயிலேறி எர்ணாகுளம் போனது. படகில் மாட்டி, இரண்டு இறக்கையும் விரித்து, மேலே மீன்குழம்புச் சட்டி வைத்து, பின்னால் காயலும் சூரியனுமாக நண்பர் போட்டோ அனுப்பினார். சேரப்பணஞ்சேரிக்குப் போய்ப் பெரியவரிடம் காட்டினேன். காயலைப் பார்க்கவில்லை. சூரியனையும் பார்க்கவில்லை. மகனிடம் போனைக் கொடுத்துப் பெரிசு பண்ணச் சொன்னார். இன்னும் பெரிசு. இன்னும்.

‘‘இடது இறக்கை, ரெண்டாவது கீலு. அங்க மாட்டினவன் ஒரு ஸ்க்ரூவைக் கோணலா ஏத்தியிருக்கான் பாருங்க. கழட்டிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்க சார்.’’